தரவையும் மரமும்

மரத்தைக் கண்டால் பல்லைக் கடிக்கிற மனிதர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று ஊருக்கு எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். வந்த புதிதில் நாங்களும் நம்பவில்லை. மரம் என்றால் நிழல், மரம் என்றால் மழை, மரத்தை வெட்டுகிறவன் பாவி என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். யூட்டாவின் மேற்குப் பள்ளத்தாக்குகளிலும் அதற்கப்பால் நெவாடாவிலும் மாடு வளர்க்கிறவர்களிடம் இந்தப் பாடம் எடுபடாது. அவர்களுக்கு மரம் என்பது புல்லைத் தின்கிற மிருகம்.

மரங்கள் இரண்டு. ஒன்று பின்யோன் பைன், குட்டையான, கிளை பரப்பிய பைன். மற்றது ஜுனிப்பர். ஊர்ச்சனம் அதைச் 'சீடர்' என்றே சொல்லும். தெற்கு யூட்டாவில் சீடர் சிற்றி என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே உள்ளது சீடர் அல்ல, ஜுனிப்பர்தான். இரண்டு மரமும் கலந்து வளரும் நிலம் மேற்கு மாநிலங்களில் சுமார் 10 கோடி ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். இலங்கையைப்போல் ஆறு மடங்கு. காடு என்று சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வன்னிக் காட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். மரத்துக்கு மரம் இடைவெளி, இடையில் வெறும் மண், மேலே கண்ணைக் கூசவைக்கும் வானம். ஆனால் மழைக்குப் பிறகு ஜுனிப்பர் வாசம் எழும்பும்போது அந்த ஏமாற்றம் மறந்துபோகும்.

இந்த விவகாரத்துக்குள் எங்களை இழுத்துவிட்டது ஆட்டிறைச்சி. சோல்ட் லேக் சிற்றியில் இருக்கிற நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவது வழக்கம். கடையில் விற்கிற உறைந்த இறைச்சியில் ஒருவருக்கும் திருப்தி இல்லை. தேடித் திரிந்து, இரண்டரை மணித்தியாலம் கார் ஓடி, ஒரு மாட்டுக்காரரைப் பிடித்தோம். எழுபது வயது தாண்டியவர், மோர்மன் சமயத்தவர், தேத்தண்ணி கோப்பி தொடமாட்டார். எங்களுக்குள் அவருக்கு 'அப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஆடு அவருக்குப் பொழுதுபோக்கு. சீவியம் மாட்டில்தான். அந்த மாடு மேய்கிற நிலமோ அவருடையதல்ல.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. நெவாடாவில் நூற்றுக்கு எண்பது பங்கு நிலம் மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தம். யூட்டாவிலும் பாதிக்கு மேல். காணி முகாமைத்துவப் பணியகம் என்ற திணைக்களம் மட்டும் 24 கோடி ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறது. அதில் ஏறத்தாழ 15 கோடி ஏக்கரில் கால்நடை மேய விடுகிறார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அனுமதிப் பத்திரம். ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து செம்மறி, ஒரு மாதத்தில் தின்கிற புல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். 1986 இல் றீகன் போட்ட ஆணையின்படி அது 1.35 டொலருக்குக் கீழே போகக்கூடாது. 2019 தொடக்கம் 2025 வரை அதே 1.35 தான். ஒரு கோப்பைக் கோப்பியின் விலைக்கும் குறைவு. ஊரில் எவராவது இந்த விலைக்குத் தரவையைக் குத்தகைக்குத் தந்தால் நாங்கள் எல்லோருமே பட்டி வைத்திருப்போம்.

அப்புவின் வீட்டுச் சுவரில் ஒரு பழைய புகைப்படம். அவருடைய பேரனார் குதிரையில் இருக்கிறார். பின்னால் ஒரு மலைச்சரிவு, அதில் சேஜ் பற்றையும் புல்லும் தவிர வேறொன்றுமில்லை. யன்னலால் பார்த்தால் அதே சரிவு, இப்போது ஜுனிப்பர் மூடிக் கறுத்துக் கிடக்கிறது. "பாருங்கோ, என்ரை பேரன் காலத்திலை ஒரு மரம் இல்லை. எல்லாம் ஏறி வந்தது" என்பார். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டுவார்.

ஏன் ஏறி வந்தது என்று கேட்டால் அவர் தீயணைக்கும் படையைத் திட்டுவார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில் அவருடைய பேரனாரே நிற்கிறார்.

1869 இல் யூட்டாவில் வைத்துத்தான் கிழக்கையும் மேற்கையும் இணைத்த புகையிரதப் பாதை பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு மாடும் செம்மறியும் இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் கணக்கில்லாமல் வந்து இறங்கின. நிலம் யாருக்கும் இல்லை, ஆகவே எல்லோருக்கும் உண்டு. முதலில் போகிறவனுடைய மந்தைக்குப் புல், பின்னால் போகிறவனுக்குக் கட்டை. 1934 இல் டெயிலர் மேய்ச்சல் சட்டம் வரும்வரை அறுபத்தைந்து வருடங்களாக இதுதான் நடந்தது. இங்கத்தைய புல் எங்களுடைய அறுகைப்போல் படர்வதல்ல. குடுமி குடுமியாகத் தனித்து நிற்கும். இளவேனிலில் தளிர்க்கும்போதே வருடா வருடம் கடித்தால், வேரில் சேமிப்பு இல்லாமல் செத்துப்போகும். புல் செத்த இடத்தில் சேஜ் தடித்தது. சேஜின் நிழலில் ஜுனிப்பர்க் கன்று பிழைத்தது. குருவி தின்று போட்ட கொட்டையிலிருந்து முளைக்கிற கன்றுக்கு அந்த நிழல் தாய்மடி. முன்பென்றால் சில பத்து வருடங்களுக்கு ஒருமுறை காய்ந்த புல்லில் தீ ஓடும். மெல்லிய பட்டை கொண்ட இளமரம் அதில் தப்பாது. இப்போதோ தீ ஓடப் புல் இல்லை. அதற்குமேல் எரிகிற தீயையும் அரசாங்கம் அணைத்தது. அந்தக் காலத்தில் கொஞ்சம் மழையும் கூடப் பெய்தது. மரம் இறங்கி வந்தது.

மாடு மேய்ந்ததால் மரம் வந்தது, மரம் வந்ததால் மாட்டுக்குப் புல் இல்லை. இதை அப்புவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "ஓம், பேரன் பேராசைக்காரன்தான்" என்றார்.

மரம் இறங்கி வருவதால் மாட்டுக்காரருக்கு மட்டும் நட்டம் என்றில்லை. சேஜ் கோழி என்று ஒரு பறவை. இளவேனிலில் சேவல்கள் வெளியில் கூடி நெஞ்சைப் பலூன்போல ஊதி ஆடும். பருந்து வந்து குந்தக்கூடிய ஒரு கிளை பக்கத்தில் இருந்தாலே அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். நூற்றுக்கு நாலு பங்கு நிலத்தில் மரம் நின்றாலே ஆடுகளம் வெறிச்சோடிப் போகிறது என்று ஒறிகன் மாநிலத்தில் செய்த ஆய்வொன்று 2013 இல் சொன்னது. தண்ணீர் விசயத்தில் மட்டும் ஒருமித்த பேச்சில்லை. அரிசோனாவில் பீவர் கிறீக் என்ற இடத்தில் 1960 களில் ஜுனிப்பர்களை இழுத்து விழுத்திப் பார்த்தார்கள். ஓடையில் தண்ணீர் கூடவில்லை. ஒறிகனில் 2005 இல் ஒரு நீரேந்து பிரதேசத்தில் வெட்டிப் பக்கத்துப் பிரதேசத்தை வெட்டாமல் விட்டார்கள். வெட்டிய பக்கத்தில் ஊற்றும் நிலத்தடி நீரும் கூடின. மண்ணும் மழை பெய்கிற காலமும் வேறு, பலனும் வேறு. மரத்தை வெட்டினால் ஆறு பெருகும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இரண்டாவதை மட்டுமே சொல்வார்கள்.

விழுத்துகிற முறைகளில் மிகக் கொடியது சங்கிலி. கப்பல் நங்கூரத்தில் பூட்டுகிற சங்கிலி, ஒவ்வொரு வளையமும் பெரும் பாரம். அதன் இரண்டு முனையையும் இரண்டு புல்டோசரில் கட்டி, இரண்டையும் சமாந்தரமாக ஓட்டினால், நடுவில் அகப்பட்ட மரமெல்லாம் வேரோடு சாயும். 1950 களிலும் 60 களிலும் இலட்சக்கணக்கான ஏக்கரை இப்படி இழுத்துத் தள்ளி, ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து கொண்டுவந்த கோதுமைப் புல்லை விதைத்தார்கள். கடலே இல்லாத நாட்டில் நங்கூரச் சங்கிலி. இப்போது பெரும்பாலும் கைவாளால் அறுத்துக் கிளையைப் பரப்பி விடுகிறார்கள், அல்லது மரத்தை நின்ற நிலையிலேயே சிராயாக்குகிற ஓர் இயந்திரத்தை விடுகிறார்கள். சங்கிலியும் முற்றாகப் போய்விடவில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். பேரனாருக்குப் பின்னால் மரம் இல்லை, சரி. அதற்கு முன்னால்? நெவாடாவில் யூரேக்கா என்ற ஊரில் 1870 களில் வெள்ளியும் ஈயமும் உருக்கினார்கள். உலைக்குக் கரி வேண்டும். கரிக்குப் பின்யோனும் ஜுனிப்பரும் வேண்டும். 1878 அளவில் ஊரைச் சுற்றி ஐம்பது மைல் தூரத்துக்கு மலை மொட்டையாகிவிட்டது. கரி மூட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் இத்தாலிய மொழி பேசிய குடியேறிகள். கரிக்கு விலை குறைத்தார்கள் என்று 1879 இல் அவர்கள் மறியல் செய்தபோது, ஓகஸ்ட் மாதம் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். குடியேறிகளுடைய கதையை எங்கே தோண்டினாலும் இப்படி ஒன்று அகப்படும். எங்களுக்குத் தேவையானது வேறு: மொட்டையடித்த மலையில் நூறு வருடத்துக்குப் பிறகு திரும்ப முளைத்த மரத்தை 'ஏறி வந்த மரம்' என்று சொல்வதா, 'திரும்பி வந்த மரம்' என்று சொல்வதா? புகைப்படம் எடுத்த நாளிலிருந்துதான் உலகம் தொடங்கியது என்று நினைத்தால் முதலாவது சரி.

இங்கிலிசில் இதற்கு 'என்குறோச்மென்ட்' என்று சொல்கிறார்கள். ஆக்கிரமிப்பு, அத்துமீறல், எல்லை தாண்டி நுழைதல் என்று நாங்கள் எப்படியும் மொழிபெயர்க்கலாம். திணைக்களக் கடதாசிகளில் மரத்துக்குத்தான் இந்தச் சொல் வரும். அதே சொல் இந்த நிலத்திலேயே வேறோர் இடத்திலும் வந்திருக்கிறது. 1863 இல் ரூபி பள்ளத்தாக்கில் மேற்கு ஷொஷோனி மக்களோடு அமெரிக்க அரசாங்கம் ஓர் உடன்படிக்கை செய்தது. வெள்ளையர் ஊடாகப் போகலாம், சுரங்கம் வெட்டலாம் என்று அதில் இருந்தது. நிலத்தைக் கையளித்ததாக ஒரு வரியும் இல்லை. 1962 இல் இந்திய உரிமைக்கோரிக்கை ஆணைக்குழு ஒரு முடிவுக்கு வந்தது: நிலம் விற்கப்படவில்லை, போரில் பிடிக்கப்படவுமில்லை, வெள்ளையரும் குடியேறிகளும் படிப்படியாக ஆக்கிரமித்ததால் ஷொஷோனியரின் உரிமை அற்றுப்போய்விட்டது. மரம் ஆக்கிரமித்தால் வெட்ட வேண்டும். மனிதர் ஆக்கிரமித்தால் உறுதி கிடைக்கும்.

மேரி டான், கரி டான் என்ற இரண்டு சகோதரிகள் நெவாடாவின் கிறசென்ட் பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் வைத்திருந்தார்கள். எங்கள் நிலத்தில் மேய்க்க எங்களுக்கு எதற்கு அனுமதிப் பத்திரம் என்று கேட்டார்கள். 1974 இல் அரசாங்கம் வழக்குப் போட்டது. 1979 இல் ஷொஷோனியருக்கு 2 கோடி 60 இலட்சம் டொலர் நட்டஈடு என்று சொல்லிப் பணத்தை அரசாங்கத்தின் கணக்கிலேயே போட்டுவைத்தார்கள். அவர்கள் அதைத் தொடவில்லை. பணம் கணக்கில் விழுந்துவிட்டது, ஆகவே கொடுத்து முடிந்துவிட்டது என்று 1985 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2002 செப்டெம்பரில் ஆயுதம் தரித்தவர்கள் வந்து இருநூறுக்கு மேற்பட்ட மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். சட்டத்தின் முன் சமத்துவமும் சொத்துரிமையும் மீறப்பட்டிருக்கின்றன என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழு அதே வருடம் கண்டிருந்தது, பயனில்லை. மேரி 2005 இல் இறந்தார், கரி 2021 இல். தெற்கு நெவாடாவில் ஒரு வெள்ளைப் பண்ணைக்காரர், கிளைவன் பண்டி, 1993 இலிருந்து மேய்ச்சல் கட்டணம் கட்டவில்லை. 2014 இல் மாட்டைப் பிடிக்கப் போனபோது அவருடைய ஆதரவாளர்கள் துவக்கோடு நின்றார்கள். பிடித்த மாட்டை விட்டுவிட்டு அதிகாரிகள் திரும்பிப் போனார்கள்.

பின்யோன் விதை பொறுக்கப் போன ஒரு புரட்டாதி மாதத்தில்தான் நாங்கள் அந்த ஷொஷோனி ஆச்சியைச் சந்தித்தோம். பொது நிலத்தில் சொந்தத் தேவைக்கு ஆளுக்கு 25 இறாத்தல் மட்டும் காசில்லாமல் பொறுக்கலாம். நாங்கள் கையெல்லாம் பிசினாகி அவதிப்படுவதைப் பார்த்து அவர் சிரித்தார். பிறகு ஒரு போத்தலில் சமையல் எண்ணெய் தந்தார். பலாப்பழம் வெட்டுகிறபோது எங்கள் அம்மாமார் செய்கிற அதே வேலை. நெவாடாப் பின்யோனின் விதை பெரிது, கோது மெல்லியது, மாச்சத்து நிறைந்தது. ஆச்சியின் சனங்களுக்கு இதுதான் மாரிகாலச் சோறு. ஒரு காய் முற்ற இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்கும். எல்லா வருடமும் காய்க்காது. மரம் நாற்பது ஐம்பது வயது தாண்டினால்தான் நன்றாகக் காய்க்கும். ஆகவே அவர்களுக்கு மரம் ஒவ்வொன்றும் கணக்கு. சிறுமியாக இருந்தபோது தன்னுடைய பாட்டி பொறுக்கிய சரிவைச் சங்கிலி போட்டு இழுத்ததைப் பார்த்ததாக அவர் சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. பின்யோன் ஜே என்கிற நீலக் குருவியும் அந்த விதையை நம்பியே இருக்கிறது. அது புதைத்து மறந்த விதைதான் அடுத்த மரம். 1960 களுக்குப் பிறகு அந்தக் குருவியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. அதைப் பாதுகாக்கப்பட்ட இனமாக்கும்படி 2022 இல் மனுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு பக்கம் சேஜ் கோழி, மற்றப் பக்கம் நீலக் குருவி. ஒரு பக்கம் அப்பு, மற்றப் பக்கம் ஆச்சி. அப்புவின் பத்திரத்தில் உள்ள மேய்ச்சல் நிலமும் ஆச்சி விதை பொறுக்கும் மலையும் ஒன்றுதான் என்பது, அங்கே மரம் அழிக்கும் திட்டமொன்று தபாலில் வந்தபோது தெரிந்தது. சங்கிலியும் அதில் இருந்தது. பொதுமக்கள் முப்பது நாளுக்குள் கருத்து எழுதலாம்.

எழுதுவதா விடுவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். வந்தேறிகளான எங்களுக்கு இதில் என்ன என்று ஒரு கட்சி. எங்களுக்கில்லாமல் வேறு யாருக்கு என்று மறு கட்சி. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். மன்னாரின் தெற்கே மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தில் அவர்களுடைய வளவும் வயலும் இருபது வருடமாகப் பற்றை பிடித்து, மரமாகி நின்றன. யுத்தம் முடிந்து சனம் திரும்பத் தொடங்கிய பிறகு, 2012 இல், அந்தப் பக்கத்தை ஒதுக்கக் காடு என்று வர்த்தமானியில் போட்டார்கள். பிறகு, துரத்தப்பட்டவர்களே காடழிப்பவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே மரத்தைக் காட்டி மனிதரை வெளியே நிறுத்தினார்கள். இங்கே மாட்டைக் காட்டி மரத்தை விழுத்துகிறார்கள். மரத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டால், இந்த இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற ஒரு விடை எங்களிடம் இல்லை. யார் அங்கே இருந்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

எழுதினோம். முகட்டுப் பாறையில் நிற்பவை பல நூறு வருடத்து மரங்கள். தீ அங்கே ஏறுவதில்லை, ஆகவே அவை ஏறி வந்தவை அல்ல. உச்சி தட்டையாகி, பட்டை வெடித்து, பட்ட கிளையோடு நிற்கிற கிழமரத்தையும், கூம்பு மாதிரி நிற்கிற இளமரத்தையும் எவரும் பிரித்தறியலாம். கிழவற்றை விடுங்கள். பள்ளத்தில் சேஜுக்குள் நுழைந்த இளையவற்றைக் கைவாளால் அறுங்கள். சங்கிலி வேண்டாம், கிளறிய மண்ணில் முதலில் முளைப்பது சீற் புல்தான் (ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்து தானியத்தோடு வந்த களை, ஆனி மாதத்திலேயே காய்ந்து வெடிமருந்தாகிவிடும், ஒருமுறை பிடித்தால் சில வருடத்துக்கு ஒரு தீ, அதன்பிறகு மரமுமில்லை, சேஜுமில்லை). அறுத்த பிறகு குறைந்தது இரண்டு பருவம் மாட்டை விடாதீர்கள், குடுமிப்புல் வேர் பிடிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முதல் ஷொஷோனியரின் சபையைக் கேளுங்கள். இவ்வளவும் மூன்று பக்கம்.

இரண்டு பருவம் என்ற வரியை எழுதும்போது, அது அப்புவின் வயிற்றில் அடிக்கிற வரி என்று தெரிந்துதான் எழுதினோம். மேய்ச்சல் இல்லாத இரண்டு கோடைக்கு வைக்கோல் வாங்க வேண்டும், அல்லது பட்டியைக் குறைக்க வேண்டும். 2002, 2003 வரட்சியில் கொலறாடோ, நியூ மெக்சிகோப் பக்கம் பின்யோன்கள் வண்டு அரித்துக் கோடிக்கணக்கில் செத்தபோது இங்கேயும் புல் கருகியது. அப்போது விற்ற மாட்டை அவரால் இன்றுவரை திரும்பச் சேர்க்க முடியவில்லை.

பதினொரு மாதம் கழித்துத் தீர்மானம் வந்தது. எங்களைப்போல் இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். சங்கிலி போய்விட்டது. முகட்டு மரங்களை விடுகிறார்கள். நடுச்சரிவில் இயந்திரம் போகும். அதற்கு ஆச்சியின் சபை சம்மதிக்கவில்லை என்று கடதாசியிலேயே இருக்கிறது. இரண்டு பருவம் மாடு இல்லை.

எழுதினவர்களுடைய பெயர்கள் பின்னிணைப்பில் இருந்தன. அப்பு அதைப் படித்துவிட்டு ரெலிபோன் எடுத்தார்.

"இரண்டு வருசம் எண்டு எழுதினது நீங்களோ?"

"ஓம்."

"மூண்டு எண்டு எழுதியிருந்தாலும் புல்லுக்கு நல்லதுதான். ஆனால் எனக்கு எழுபத்தாறு வயசு." கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பட்டியில் மூன்றில் ஒரு பங்கை ஐப்பசிச் சந்தையில் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மகன் ட்ரக் ஓடுகிறான், அவன் இனிப் பத்திரத்தைப் புதுப்பிப்பான் என்று தோன்றவில்லை என்றும் சொன்னார். கோபம் குரலில் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆச்சிக்கு நாங்களே நேரில் போய்ச் சொன்னோம். இயந்திரம் ஓட்டுகிற பெடியனுக்குக் கிழமரம் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். வெட்ட முதல் கிழமரங்களில் ரிப்பன் கட்டிவிடுவார்களாம், அதற்கு ஆள் தேடுகிறார்களாம் என்றோம். நடுச்சரிவுக்கும் கட்டலாமோ என்றார். அங்கே நிற்கிற கிழமரத்துக்குக் கட்டலாம், கடதாசியில் அப்படித்தான் இருக்கிறது என்றோம். பேத்தியைக் கூப்பிட்டுத் திகதியைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.